அக்கரை இல்லாத தண்ணி

மக்கீன் முதலாளியின் வலது முழங்கால் ஒழுங்காக மடங்கி நிமிர்ந்திருந்தால் இந்தக் கதைக்கு இடமே இல்லை. கம்பளைக் கடைத்தெருவில் இருபது வருடமாகச் சம்மணம் கட்டி உட்கார்ந்து, துணி அளந்து, கிழித்து, மடித்துக் கொடுத்த கால் அது. ஒரு நாள் விடிகாலைச் சுபஹுத் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. என்ன ஒரு பயபக்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் மனசுக்குள் மெச்சினார்கள். பள்ளிவாசலே காலியான பிறகுதான் மனிதர் எழும்ப முடியாமல் கிடக்கிறார் என்று தெரிந்தது.

கண்டிக்கு ரயிலேறிப் போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் சின்னச் சுத்தியல் ஒன்றால் முழங்காலைத் தட்டி, "ம்" என்றார். மறுபடி தட்டி, மறுபடி "ம்" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மருந்து வேணாம். கடற்கரைப் பக்கம் ஒரு வீடு எடுத்து எட்டு நாள் இருங்க. ஒரு நாளைக்கு ஒரு முழுக்கு. கடல் தண்ணி பட்டா இந்தக் கால் ஓடும்."

மக்கீன் இதை வீட்டுக்கு வந்து, தூக்குத் தண்டனை கிடைத்தவர் மாதிரிச் சொன்னார். குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கைரியாவின் காதில் 'கடல்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அடுப்பில் தண்ணீர் வற்றி, புட்டுக்குழல் சீறி, அடிச்சட்டி கருகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கடலில் அவளுக்கு ஏன் அப்படி ஓர் ஆசை என்று கேட்காதீர்கள். ஆசைக்குக் காரணம் கேட்கிறவர்கள் எதற்கும் ஆசைப்பட்டிருக்கமாட்டார்கள். கம்பளையில் பிறந்து, கம்பளையிலேயே வாழ்க்கைப்பட்டு, இருபத்தெட்டு வயதுவரை மகாவலி ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத பெண். கடல் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பாதம் குறுகுறுக்கும். அவ்வளவுதான்.

"நானும் வாற," என்றாள்.

"நீ வராம யாரு சமைக்கிற? நீயும் புள்ள றமீலாவும் வாறதுதானே," என்றார் மக்கீன்.

"வந்தா என்ட காலு கடலுல படணும். ஜன்னலால பாக்குற கணக்குல எடுக்க ஏலாது."

"இன்ஷா அல்லாஹ், பாப்பம்."

"றமீலாட வாப்பா, அல்லாட பேரச் சொல்லித் தப்பப் பாக்காதீங்க. வாக்குத் தாங்க."

மக்கீன் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தாரே தவிர, அதை எப்படி நிறைவேற்றுவது என்று அந்த நல்ல மனிதர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஏனென்றால் கைரியா கோஷாப் பெண். திரை போட்ட மாட்டுவண்டியில் போய்த் திரை போட்ட மாட்டுவண்டியில் திரும்புகிறவள். அவளுடைய முகத்தை விடுங்கள், குரலைக்கூட அந்நிய ஆண் எவனும் கேட்டதில்லை. யாராவது வந்து வாசலில் மக்கீனைக் கூப்பிட்டால், சாவிக்கொத்தால் கதவுப் பலகையில் உள்ளேயிருந்து தட்டுவாள். ஒரு தட்டு, இருக்கிறார். இரண்டு தட்டு, இல்லை. மூன்று தட்டு, கடையில் போய்ப் பாருங்கள். கம்பளைத் தபால்காரருக்கு இந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. மூன்று தட்டுக்கு மேல் அவள் தட்டினால், "கோபமா இருக்காங்க போல" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருடம், நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் புறப்பட்டார்கள். கருவாட்டு வியாபாரி ஒருவர் மூலமாகப் பேருவளையில் ஒரு வீட்டின் மேல்மாடி ஏற்பாடாகியிருந்தது. கொழும்புக்காரர்களும் மலைநாட்டுக்காரர்களும் சீசனுக்குக் காற்று வாங்க எடுக்கிற மேல்மாடி. கதிரை, கட்டில், அலுமாரி, சட்டி பானை எல்லாம் வீட்டிலேயே உண்டு, உடுப்போடு வந்தால் போதும் என்று கடிதம் வந்திருந்தது.

உடுப்போடு வந்தால் போதுமாம்! அடுத்தவன் வீட்டு அம்மியில் அரைத்த கறியை மக்கீன் முதலாளி சாப்பிடுவாரா? அம்மியும் குழவியும் புறப்பட்டன. பேருவளையில் குளிர் எப்படியோ என்று நான்கு கம்பளிப் போர்வை புறப்பட்டது. அரிசி, மிளகாய்த்தூள், ஒரு கட்டு விறகு, மழைக்கு மூன்று குடை. இதற்கெல்லாம் மேலே, கம்பளையில் விலைபோகாமல் இரண்டு வருடமாகக் கிடந்த சீத்தைத் துணி நாற்பது கெஜம். வெள்ளையில் தட்டுத் தட்டாக இரத்தச் சிவப்புப் பூப் போட்ட துணி. தேயிலைத் தோட்டத்துப் பெண்களே அதைப் பார்த்து, "ஆத்தாடி, கண்ணு கூசுது" என்று ஒதுக்கிய சரக்கு. கடற்கரையில் யாராவது வாங்குவார்கள் என்று மக்கீன் கட்டிக்கொண்டார். வியாபாரி ஓய்வெடுக்கப் போனாலும் சரக்கோடுதான் போவான்.

இத்தனையையும் தூக்க, கடையில் மூட்டை கட்டும் மூக்கையாவும் கூட வந்தான். நாற்பது வயது, தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு இறங்கிய ஆள். அம்மியைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பளை ஸ்டேசனில் ஏறியவனைப் பார்த்து கார்ட் கொடியாட்ட மறந்துவிட்டார்.

கொழும்பில் இறங்கிக் கரையோர ரயிலுக்கு மாறினார்கள். அந்த ரயில் கடலை உரசிக்கொண்டே போகும் என்று கைரியா கேள்விப்பட்டிருந்தாள். பெண்கள் பெட்டியில் கடல் பக்கத்து ஆசனத்தைப் பிடித்து, ஆறு வயது மகள் றமீலாவை மடியில் வைத்துக்கொண்டு, கடலுக்காகக் காத்திருந்தாள். கொள்ளுப்பிட்டியில் ஏறிய ஒரு தடித்த அம்மாள், "உப்புக்காத்து சளிக்குக் கூடாது" என்று சொல்லி மரச்சட்டரை மடார் மடார் என்று இழுத்து மூடிவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். பேருவளைவரைக்கும் கைரியா கடலைக் காதால் கேட்டுக்கொண்டே போனாள். அந்த அம்மாளை அவள் மனசுக்குள் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்காரி உம்மு குல்சும், நாற்பத்தைந்து வயது விதவை. கீழே தான் இருந்துகொண்டு மேல்மாடியை சீசனுக்கு விடுகிறவள். வண்டியிலிருந்து இறங்கிய சாமான்களை இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"அம்மியுமா கொண்டு வந்தீங்க?" என்றாள்.

"ஓ ராத்தா," என்றாள் கைரியா வெட்கத்தோடு.

"கம்பளியுமா?"

"ஓ ராத்தா."

உம்மு குல்சும் சிரிக்கத் தொடங்கினாள். வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். அந்த நிமிடமே கைரியாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சிரித்து முடித்ததும் உம்மு குல்சும் எழுந்து சட்டம் போட்டாள். மணலோடு மேலே ஏறக் கூடாது. படிக்குக் கீழே தொட்டியில் கால் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். மிளகாய் இடித்தால் கீழே தூசி கொட்டும், ஆகவே இடிக்கிற வேலை பின்முற்றத்தில். மிச்சப்படி வீடு உங்கள் வீடு.

கைரியா படியேறினாள். மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் மரக்கிராதி அடித்த விறாந்தை. ஜன்னலைத் திறந்தாள்.

யா அல்லாஹ்! அத்தனையும் தண்ணீர். வானம் முடிகிற இடம்வரை தண்ணீர், வெயிலில் கண்ணைப் பறிக்கிற நீலத்தில், ஓயாமல் ஆடிக்கொண்டு. கைரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் வந்து எட்டிப் பார்த்த மக்கீனின் முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

"இதுக்கு அக்கரை எங்க ஈக்கி?" என்றார்.

"அக்கரை இல்லங்க. அதுதானே கடல்."

"அக்கரை இல்லாத தண்ணியில மனுசன் எறங்கலாமா? இழுத்துக்கொண்டு போனா எங்க போய் ஏறுற?" என்று கேட்டுக்கொண்டே அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகாவலியில் வெள்ளம் வந்தாலும் குறுக்கே நீந்துகிற மனிதர் அவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கரை தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் அவருக்குக் கை கால் ஓடாது.

அடுத்த நாள் தொடங்கியது அந்தக் கூத்து. காலையில் மக்கீன் கடற்கரைக்குப் போவார். தண்ணீரிலிருந்து முப்பது அடி தள்ளி, உயரமான மணலில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போடச் சொல்லுவார். குடையை விரித்துக்கொண்டு அதில் சாய்ந்து, சாரத்தை முழங்காலுக்கு மேல் சுருட்டி வைத்துக்கொள்வார். மூக்கையா வாளியில் கடலை அள்ளிக்கொண்டு வந்து அந்த முழங்கால்மேல் ஊற்றுவான். பத்து வாளி. "போதும்டா, ஒரு முழுக்கு ஆச்சி" என்று சொல்லிவிட்டு மக்கீன் வீட்டுக்குத் திரும்புவார். டாக்டர் சொன்னது இதைத்தானா என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

றமீலா தகப்பனோடு போய் நனைந்து, மணல் அப்பிய கவுனோடு ஓடி வருவாள். "உம்மா, உம்மா, கடல் என்ட காலுக்குக் கீழ மண்ண உருவி எடுக்குது!" என்பாள். "ஒரு நண்டு என்னப் பாத்துக் கும்புட்டுச்சி!" என்பாள். கைரியா மகளின் ஈரக் கவுனைக் கழற்றிப் பிழிவாள். பிழிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். மெய்தான், உப்பு. மூக்கையாகூட நான்காம் நாள் தலைவரைக்கும் முங்கிவிட்டு வந்து, "எங்க அப்பனும் ஆத்தாளும் இந்தத் தண்ணியத் தாண்டித்தான் வந்தாங்களாம், எப்புடித்தான் வந்தாங்களோ" என்று படிக்குக் கீழே நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். வாடகை வீட்டில் கடலைத் தொடாத ஆள் ஒருத்திதான். அவள் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் அவள் சாவிக்கொத்தை எடுத்தாள். மக்கீன் உள்ளறையில் பகல்தூக்கத்தில் இருந்தார். கதவுப் பலகையில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கீழேயிருந்து உம்மு குல்சும், "மேல தச்சுவேல நடக்குதா?" என்று கேட்கும்வரை தட்டினாள்.

"என்ன? என்ன?" என்று எழும்பினார் மக்கீன்.

"நாள மறுநாள் ரயில். என்ட காலு இன்னும் காஞ்சிதான் ஈக்கி."

"நாலு பேர் பாக்குற எடம் கைரியா. நான் என்ன செய்யட்டும்?"

"வாக்குத் தரக்குள்ள நாலு பேர் இல்லையா? கம்பளைக்குப் போய் நான் என்னன்டு சொல்லுற? எட்டு நாள் கடலுக்குப் பக்கத்துல அம்மி அரைச்சன் எண்டா?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். கோபத்தில் அழுகிறவள் அல்ல அவள். ஆசையில் அழுதாள். அதைப் பார்க்க மக்கீனுக்குத் தாங்கவில்லை. பத்து வருடத்தில் அவள் அவரிடம் கேட்டது இது ஒன்றுதான், அதுவும் காசு கொடுத்து வாங்குகிற சாமான் இல்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "கைரியா! நாங்க ஆத்துல என்ன செய்ற?"

"என்ன செய்ற?"

"திர கட்டுறதானே!"

கம்பளையில் இது பழைய வழக்கம். ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நான்கு மூங்கில் ஊன்றி, மூன்று பக்கமும் துணி கட்டி, கரைப்பக்கம் வாசல் விட்டு, பெண்கள் உள்ளே இறங்கிக் குளிப்பார்கள். வீட்டு ஆண் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே காவல் நிற்பார். திரை கட்டுவதில் மக்கீன் குடும்பத்தை அடிக்க ஆள் கிடையாது. ஆற்றின் குணம் அவர்களுக்கு அத்துப்படி. நாவலப்பிட்டி மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தால் அன்று குளிப்பு இல்லை. வெளுத்திருந்தால் நடுப்பகல் லுஹர்வரைக்கும் கிடக்கலாம், தண்ணீர் ஒரு விரற்கடை ஏறாது.

துணிக்கு எங்கே போவது? நாற்பது கெஜம் சீத்தை அலுமாரிக்கு மேலே சும்மாதானே கிடந்தது. பேருவளையிலும் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

உம்மு குல்சும் விசயத்தைக் கேட்டு, "நல்ல வேல" என்று சந்தோசப்பட்டாள். ஆனால் ஒன்று சொன்னாள். "காலையில தண்ணி வத்தி ஈக்கும். பத்து மணிக்குப் பொறகு ஏறி வரும். அதுக்கு முன்ன கரைக்கு வந்துருங்க."

மக்கீன் பெரிய மனுசத்தனமாகச் சிரித்தார். "மழையே இல்லையே ராத்தா. மேல மழை பெஞ்சாத்தானே தண்ணி ஏறுற? நாங்க ஆத்துக்காரங்க. எங்களுக்குத் தெரியாத தண்ணியா?"

உம்மு குல்சும் முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மியோடு ரயிலேறி வந்தவரிடம் என்ன பேசுவது?

கடைசி நாள் காலை. வீட்டுக்குத் தெற்கே, பாறை ஒதுங்கிய ஒரு மூலை. கரைவலைக்காரர்கள் தூரத்தில், வடக்குப் பக்கம் எங்கேயோ கயிறு பிடித்து நின்றார்கள். மூக்கையா அவர்களிடம் நான்கு மூங்கில் கடன் வாங்கி வந்து ஊன்றினான். மணலில் ஒரு மூங்கில் நிற்காமல் சரிந்தது. அதன் அடியில் அம்மிக்குழவியை வைத்துக் கட்டினான். திரை எழும்பியது. வெள்ளைக் கடற்கரையில் இரத்தச் சிவப்புப் பூப் பூத்த ஒரு வீடு! இரண்டு மைலுக்கு அப்பால் போகிற பாய்மரத் தோணிக்காரனும் எழும்பி நின்று பார்த்திருப்பான். மறைவு வேண்டுமென்று கட்டிய திரை அது.

மக்கீன் குடையோடு காய்ந்த மணலில் நின்று வானத்தை ஆராய்ந்தார். கடலுக்கு மேல்பக்கம் எது என்று அவருக்கே கொஞ்சம் குழப்பம். ஆகவே நான்கு திசையையும் பார்த்தார். எங்கும் ஒரு பஞ்சு முகில்கூட இல்லை. "ஏறாது. ஒரு விரற்கடை ஏறாது," என்று தீர்ப்புச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டார். மூக்கையா தென்னைமரத்தடியில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கைரியா தலையிலிருந்து பாதம்வரை மூடிக்கொண்டு, ஒரு கையில் றமீலாவும் மறு கையில் உம்மு குல்சுமுமாக வீட்டுப் பின்வாசலால் வந்து திரைக்குள் நுழைந்தாள். வலது காலை எடுத்து வைத்தாள். "பிஸ்மில்லாஹ்" என்றாள்.

கடல் வந்து பாதத்தைத் தொட்டது. தொட்டுவிட்டுப் போயிற்று. போகும்போது பாதத்துக்குக் கீழே மணலை உருவியது, மகள் சொன்னது போலவே. கைரியாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஒரு கூச்சம் ஓடியது. அவள் கத்தினாள், உடனே வாயைப் பொத்தினாள், பொத்திய கைக்குள்ளேயே சிரித்தாள்.

"பட்டுச்சா?" என்று வெளியேயிருந்து கேட்டார் மக்கீன்.

"பட்டுச்சி!"

"அப்ப வா, போவம்."

"இன்னும் கொஞ்சம்."

அந்த 'இன்னும் கொஞ்சம்' இருக்கிறதே, அதற்கு அளவே இல்லை. கணுக்காலுக்கு ஒரு இன்னும் கொஞ்சம். முழங்காலுக்கு ஒரு இன்னும் கொஞ்சம். பிறகு ஆற்றில் உட்காருவது போலக் குந்தி உட்கார்ந்தாள். ஓர் அலை வந்து முதுகில் தட்டி உருட்டிவிட்டது. எழும்பினாள், மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி உருண்டாள். ஆறு என்றால் மேலேயிருந்து வரும், கீழே போகும், ஒரு ஒழுங்கு உண்டு. இது வருகிறது, போகிறது, போன பிறகு இன்னும் பெரிதாக வருகிறது. றமீலா பசி என்றாள். உம்மு குல்சும் அவளைத் தூக்கிக்கொண்டு, "தங்கச்சி, நேரமாகுது, நீங்களும் வாங்க" என்றாள். "நீங்க போங்க ராத்தா, இதோ வாற" என்று கைரியா அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தண்ணீர் அப்போது இடுப்பளவு. நாம் குந்தியிருப்பதால் இடுப்பளவு என்று அவள் நினைத்தாள். நின்றுதான் கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் கரைவலைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வலை கரைக்கு நெருங்க நெருங்க இரண்டு பக்கத்துக் கயிறும் ஒன்றையொன்று நோக்கி நடக்கும். அதுதான் அந்தத் தொழில். இருபது இருபதாக நாற்பது பேர், முகத்தைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டு, பின்பக்கமாகக் காலை வைத்து, "ஏலே ஏலோ" என்று இழுத்துக்கொண்டே, பாறை மூலைக்கு வந்து சேர்ந்தார்கள். முதுகு காட்டி நின்ற மக்கீன் அந்தப் பாட்டைக் கேட்டார். எங்கேயோ நல்ல பாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது வந்தது அந்தப் பெரிய அலை. நான்கு மூங்கிலில் மூன்று சாய்ந்தன. காற்று புகுந்து நாற்பது கெஜம் சீத்தையும் கப்பல் பாய் போல உப்பி, அப்படியே கிளம்பி, வலைக்குள் போய் விழுந்தது. குழவி கட்டிய மூங்கில் ஒன்று மட்டும் ஒரு துண்டுச் சிவப்புப் பூவோடு நின்றது. கைரியா நெஞ்சளவு தண்ணீரில், ஈர முக்காட்டோடு, உலகம் பார்க்க நின்றாள்.

நாற்பது ஆண்கள். எண்பது கண்கள்.

கைரியா முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டாள். தண்ணீருக்குள் முங்கிவிடலாமா என்று நினைத்தாள். முங்கினால் எவ்வளவு நேரம் முங்கியிருப்பது? இத்தோடு முடிந்தது, இனி வாழ்நாளுக்கும் ஜன்னலும் இல்லை, விறாந்தையும் இல்லை என்று அவள் மனசு முடிவுகட்டிவிட்டது.

கயிற்றின் தலையில் நின்றவர் ஹபீல் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர், நரைத்த தாடிக்காரர். ஒரு கணம்தான் அவர் பார்த்தார்.

"டேய்! எல்லாரும் திரும்புங்கடா!"

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கயிற்றைத் தோளில் போட்டு, முகத்தைத் தென்னைமரங்களுக்குக் கொடுத்து, முதுகைக் கடலுக்குக் கொடுத்து, ஏர் இழுக்கிற மாடுகள் மாதிரி இழுக்கத் தொடங்கினார்கள். பாட்டுகூட நிற்கவில்லை. ஒருவன்கூடக் கடைக்கண்ணால் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு மக்கீன் திரும்பினார். திரை இல்லை. கரை இல்லை, அவர் நின்ற இடத்துக்குத் தண்ணீர் வந்திருந்தது. தூரத்தில் அக்கரை இல்லாத அந்தத் தண்ணீருக்கு நடுவில் அவருடைய மனைவியின் தலை.

"கைரியா!" என்று கூவிக்கொண்டு ஓடினார். கவனியுங்கள், ஓடினார். சுஜூதிலிருந்து எழும்ப முடியாத மனிதர், விரித்த குடையைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நெஞ்சுவரை எழும்ப எழும்ப அலையை மிதித்துக்கொண்டு ஓடினார். முதல் அலை குடையைப் பிடுங்கிப் புரட்டியது. இரண்டாவது அலை தொப்பியைக் கொண்டுபோயிற்று. மூன்றாவதில் அவரே காணாமல்போய், கைரியாவின் காலடியில் இருமிக்கொண்டே வெளிப்பட்டார்.

"வா! வா! அக்கரை இல்ல! இழுத்துக்கொண்டு போகும்!" என்று அவள் கையைப் பிடித்தார். கண்கள் வானம் முடிகிற இடத்தையே வெறித்தன. இத்தனை பயத்தோடு இவர் இறங்கி வந்திருக்கிறார் என்று கண்டபோது கைரியாவுக்கு அந்த மனிதர்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது.

"அங்க பாக்காதீங்க. என்னப் பாருங்க," என்றாள். "நான் புடிச்சீக்கிறன்தானே. வருது, வருது, குதிங்க!"

"என்ன?"

"குதிங்கண்டா!"

அவர் குதித்தார். அலை இருவரையும் தூக்கி, அந்தரத்தில் ஒரு கணம் வைத்திருந்து, மெதுவாக இறக்கிவிட்டது. மக்கீன் முதலாளி வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கம்பளைக் கடைத்தெருவில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. சிரித்தார். "இன்னொண்டு வருது!" என்று அவரே காட்டினார். இருவரும் குதித்தார்கள்.

கரையில் வலை வந்து சேர்ந்துவிட்டது. சீலாவும் சூடையும் பாரையும், நடுவில் நாற்பது கெஜம் சிவப்புப் பூவுமாக மணலில் துள்ளிக்கொண்டு கிடந்தன. காகங்கள் இறங்கிவிட்டன. அள்ளத்தான் ஆளில்லை. நாற்பது பேரும் வரிசையாகத் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி மூக்கையா!" என்று ஹபீல் சம்மாட்டி தலையைத் திருப்பாமலே கூப்பிட்டார். "அவங்க ஏறிட்டாங்களா?"

"எனக்கு எப்புடிங்க தெரியும்? நானும் தென்னமரத்தத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறேன்!" என்றான் மூக்கையா.

"கேட்டுச் சொல்லுங்க! மீனெல்லாம் தண்ணிக்கே திரும்பிப் போகுது!"

மூக்கையா மரத்தைப் பார்த்தபடியே தொண்டை கிழியக் கத்தினான். "மொதலாளீ! ஏறிட்டீங்களாங்க?"

மக்கீனால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய உப்புத் தண்ணீர், அதற்கு மேல் சிரிப்பு. கைரியா கரையைப் பார்த்தாள். நாற்பது முதுகுகள் வெயிலில் வியர்த்துக்கொண்டு, அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றன. பதில் சொல்லியாக வேண்டும். சாவிக்கொத்து மேல்மாடி அலுமாரியில் கிடந்தது. தட்டுவதற்கு இங்கே கதவும் இல்லை. தூரத்தில் அடுத்த அலை, இதுவரை வந்ததிலெல்லாம் பெரியது, தலையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். கணவனின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு பேருவளைக் கடற்கரை முழுக்கக் கேட்க, இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, குரலெடுத்துக் கத்தினாள்:

"இன்னும் கொஞ்சம்!"

காகங்கள் மீனை விட்டுவிட்டு எழும்பிப் பறந்தன. நாற்பது முதுகுகளும் மெல்லக் குலுங்கின, சிரிப்பை அடக்கமாட்டாமல். ஹபீல் சம்மாட்டி தாடியைத் தடவிக்கொண்டார்.

"சரி புள்ளைகளே," என்றார். "இன்னும் கொஞ்சம் தென்னமரத்தப் பாருங்க."